சங்கத்து வண்டிகளை மின்சாரத்துக்கு மாற்றச் சொல்கிறார்கள், எங்கே ஆரம்பிப்பது?

கணக்குமேசை | சுங்கை சிப்புட் | 2025 ஆகஸ்டு 4, இரவு 9:40

வணக்கம். மலேசியா, பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டக் கூட்டுறவுச் சங்கத்தில் வண்டிப் பொறுப்பு பார்க்கிறேன். பெயர்தான் பொறுப்பு. டீசல் ரசீதுகளைக் கோப்பில் குத்துவதும், எந்த வண்டியை யார் எங்கே இடித்தார்கள் என்று விசாரிப்பதும்தான் வேலை.

போன மாத வாரியக் கூட்டத்துக்கு ஒரு விற்பனைக்காரர் வந்து படம் போட்டுக் காட்டினார். இரண்டு வருடத்தில் பாதி வண்டிகளை மின்சாரத்துக்கு மாற்றுவதென்று அன்றைக்கே தீர்மானம் போட்டுவிட்டார்கள். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேசரி சாப்பிடும்போது தலைவர் தோளில் தட்டி, "நீதான் பார்த்துக்கணும் தம்பி" என்றார்.

எங்களிடம் இருப்பது 11 வண்டி. செம்பனைக் குலை ஏற்றும் லோரி 2, ஆள் ஏற்றும் வேன் 3, பள்ளிப் பேருந்து 1, சரக்கு வேன் 2, ஹைலக்ஸ் பிக்கப் 1, கார் 2. சரக்கு வேனில் ஒன்று சங்கக் கடைச் சாமானை டிவிஷன்களுக்கு (தோட்டப் பிரிவுகளுக்கு) கொண்டுபோவது, இன்னொன்று உரத்துக்கு. மண்டோர்களின் (வேலை மேற்பார்ப்பவர்களின்) மோட்டார் சைக்கிள் 6 தனி. கார்களும் மோட்டார் சைக்கிள்களும் பெட்ரோல், மற்றதெல்லாம் டீசல்.

விற்பனைக்காரர் யோசனை இது: ஆள் ஏற்றும் வேன்கள்தான் டீசல் அதிகம் குடிக்கின்றன, அவற்றை முதலில் மாற்றுங்கள். அலுவலக வாசலில் 60 கிலோவாட் வேகச் சார்ஜர் ஒன்று போடுங்கள். எரிபொருள் செலவில் பாதிக்கு மேல் மிச்சம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எங்கேயோ இடிக்கிறது. எங்கே என்றுதான் சொல்லத் தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய கிராணி | ஆகஸ்டு 4, இரவு 10:15

தம்பி, 2024 ஜூன் 10ஆம் தேதி காலையில் டீசல் லிட்டர் 2 வெள்ளி (ரிங்கிட்) 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியது. அன்றைக்குப் பிடித்த காய்ச்சல் இது. தீபகற்பத்தில் வண்டி வைத்திருந்தவன் எல்லாம் அந்த வாரம் மின்சார வண்டியைப் பற்றித்தான் பேசினான். விலை கொஞ்சம் இறங்கியதும் பாதிப் பேர் மறந்துவிட்டான். உங்கள் வாரியம் மறக்கவில்லை, அதுவே பெரிய விஷயம்.

ஸ்பானர் | ஆகஸ்டு 5, காலை 7:02

நான் பட்டறைக்காரன், அதனால் ஒரு பக்கமாகத்தான் பேசுவேன், முன்னாடியே சொல்லிவிடுகிறேன். செம்மண் பாதை, மழைக்காலத்தில் முட்டியளவு தண்ணீர், டிரைவர் ரிவர்ஸில் மரத்தில் முட்டுவது, இதெல்லாம் இருக்கிற இடத்தில் அடியில் முழுக்கப் பேட்டரி உள்ள வண்டியா? என் வேனில் கல் அடித்தால் ஆயில் சட்டி நெளியும், தட்டி நிமிர்த்துவேன். பேட்டரிப் பெட்டி நெளிந்தால் யார் நிமிர்த்துவது? ஈப்போ போகணும். ஈப்போ போக வண்டி ஓடணும்.

மலையேறி | தாப்பா | ஆகஸ்டு 5, மதியம் 1:30

கணக்குமேசை தம்பிக்கு. ஒரு மொத்த வியாபாரியிடம் மூன்று மின்சாரச் சரக்கு வேன்களை ஒன்றரை வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். தாப்பா, பீடோர், சுங்காய் வரை ஓட்டம். வாரம் ஒருமுறை கேமரன் மலை.

உங்களுக்கு எங்கே இடிக்கிறது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் எங்களுக்கும் அங்கேதான் இடித்தது. ஒரே ஒரு கேள்வி. உங்கள் ஆள் ஏற்றும் வேன்கள் ராத்திரி எங்கே தூங்குகின்றன?

கணக்குமேசை | ஆகஸ்டு 5, மதியம் 1:52

டிரைவர் வீட்டில், அண்ணே. மூன்றும் மூன்று டிவிஷனில். விடியற்காலை 4:45க்கு ஆள் ஏற்ற வேண்டும். அலுவலகத்துக்கு வந்து எடுத்துக்கொண்டு போக நேரம் இருக்காது.

மலையேறி | ஆகஸ்டு 5, மதியம் 2:10

அப்போ சார்ஜர் அலுவலக வாசலில், வண்டி லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில். விற்பனைக்காரர் இதைக் கேட்டாரா? கேட்டிருக்க மாட்டார். எங்களிடம் வந்தவரும் கேட்கவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் என்று மட்டும்தான் கேட்டார்.

எங்கள் கதையைச் சொல்கிறேன். ஆரம்பத்தில் ஒரு டிரைவர் வண்டியை வீட்டுக்குக் கொண்டுபோனான். லயத்து வீட்டு வயரிங், அவன் அப்பா காலத்தது. மூன்று முள் பிளக்கில் போடும் சின்னச் சார்ஜர் வண்டியோடு வந்தது. அதை ஒரு நீட்டு வயரில் மாட்டி, அந்த வயரைச் சுருட்டின வாக்கிலேயே திண்ணையில் வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டான். விடிகாலையில் அவன் அம்மா சுள்ளி எரிகிற வாசனை என்று எழுந்து வந்திருக்கிறார். பிளக்கின் முகம் பழுப்பாகி, ஒரு முள் பிளாஸ்டிக்குக்குள் கொழகொழவென்று இறங்கியிருந்தது. சுருட்டிய வயர் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டது. அந்தப் பிளக் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. புது டிரைவர் வந்தால் முதலில் அதைத்தான் காட்டுவேன்.

13 ஆம்பியர் பிளக் என்று எழுதியிருந்தாலும் எட்டு மணி நேரம் விடாமல் இழுப்பதற்கு அது செய்ததில்லை. கெட்டிலுக்கு ஐந்து நிமிடம், அவ்வளவுதான் அதன் வாழ்க்கை.

அதனால் வண்டி பார்க்கப் போவதற்கு முன் ஒரு நோட்டு வாங்குங்கள். மூன்று வாரம். ஒவ்வொரு வண்டிக்கும் கிளம்பிய நேரம், வந்த நேரம், மீட்டர் எண், என்ன சுமை, ராத்திரி எங்கே நின்றது. டிரைவர் எழுதட்டும். நீங்கள் எழுதினால் அது உங்கள் கற்பனை.

பியூஸ்காரன் | ஈப்போ | ஆகஸ்டு 5, இரவு 8:20

வயர்மேன் பேசுகிறேன். 60 கிலோவாட் என்று படித்ததும் சிரிப்பு வந்தது, மன்னிக்கவும். உங்கள் அலுவலகத்துக்கு வரும் இணைப்பு என்ன? மெயின் பெட்டியைத் திறந்து பெரிய சுவிட்சில் என்ன எண் போட்டிருக்கிறது என்று மட்டும் பாருங்கள். வேறு எதையும் தொட வேண்டாம்.

கணக்குமேசை | ஆகஸ்டு 6, காலை 9:05

63 போட்டிருக்கிறது அண்ணே. ஒரே பேஸ்.

பியூஸ்காரன் | ஆகஸ்டு 6, இரவு 9:30

நினைத்தேன். 60 கிலோவாட் சார்ஜர் மூன்று பேஸிலும் பேஸுக்கு 85 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். உங்களுக்கு இருப்பது ஒரு பேஸ், 63. அதாவது புது இணைப்புக்கு மின்சாரக் கம்பெனி டி.என்.பி.யிடம் விண்ணப்பம், புதுக் கேபிள், புதுப் பெட்டி, எல்லாம் சார்ஜர் விலைக்கு மேல். இதை விலைப்பட்டியலில் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் "மின்விநியோக மேம்பாடு நீங்கலாக" என்று இருந்தால் நான் பந்தயம் கட்டுகிறேன்.

சரி, உங்களுக்கு என்னதான் வேண்டும்? சாமான் வேன் நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது? சும்மா 70 என்று வையுங்கள். சின்ன மின்சார வேன் 100 கிலோமீட்டருக்கு 20 யூனிட் சுமார் குடிக்கும். 14 யூனிட். சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து 15, 16. ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை எட்டு மணி நேரம் வண்டி சும்மா நிற்கிறது. 16 ஆம்பியர் சார்ஜர் மணிக்கு 3.6 யூனிட் கொடுக்கும். நாலரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. எல்லாரும் 7 கிலோவாட், 32 ஆம்பியர் என்று ஓடுகிறார்கள். தூங்குகிற வண்டிக்கு எதற்கு அவசரம்?

16 ஆம்பியரில் இரண்டு போட்டாலும் 32தான். ராத்திரி உங்கள் அலுவலகத்தில் என்ன ஓடுகிறது? சங்கக் கடை ஐஸ்பெட்டி, வாசல் விளக்கு, சாமி படத்துக்குச் சீரியல் பல்பு. பத்து ஆம்பியர் தாண்டாது. இருக்கிற 63க்குள் அடங்கிவிடும், புது இணைப்புக்கு விண்ணப்பிக்க வேண்டியதில்லை. ஆனால் வயரிங் செய்கிறவர் எரிசக்தி ஆணையத்தில் பதிந்தவராக இருக்கட்டும், சார்ஜருக்குத் தனி வழி, தனி ஆர்.சி.டி. (மின்கசிவு வந்தால் விழும் சுவிட்ச்), பெட்டியில் மின்னல் தடுப்பான். பேராக்கில் மாலை இடி எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று. இந்த வருடம் ஜூலை 1லிருந்து புது மின்கட்டணம். நேரம் பார்த்துக் கட்டணம் என்று ஒரு திட்டம் இருக்கிறது, கேட்டால்தான் சேர்ப்பார்கள். வார நாளில் மதியம் 2 முதல் இரவு 10 வரைதான் உச்ச நேரம். மற்ற நேரம் விலை குறைவு, சனி ஞாயிறு முழுக்கக் குறைவு. சார்ஜரின் கடிகாரத்தை 10:05க்கு வைத்துவிடுங்கள்.

தாப்பா அக்கா | ஆகஸ்டு 7, இரவு 7:45

கணக்குப் பக்கம் நான் சொல்கிறேன். மலையேறி என் தம்பி முறை, அவன் சொன்னதில் பாதி என் கணக்குதான்.

சரக்கு வேன், 100 கிலோமீட்டர். டீசல் 10 லிட்டர். விலை வாரா வாரம் மாறுகிறது, 3 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 30 வெள்ளி. அதே தூரம் அதே அளவு மின்சார வேன், வீணாவது சேர்த்து 24 யூனிட். யூனிட் 50 காசு என்று கொஞ்சம் கூட்டியே வையுங்கள், 12 வெள்ளி. விற்பனைக்காரர் சொன்ன "பாதிக்கு மேல்" இங்கே சரிதான். ஆனால் அதே வேனை நெடுஞ்சாலை ஓய்விடத்தில் வேகச் சார்ஜரில் போட்டால் யூனிட் ஒரு வெள்ளி இருபது காசுக்கு மேல் போகும். 30 வெள்ளி வந்துவிடும். மிச்சம் சைபர், காத்திருந்த முக்கால் மணி நேரம் நஷ்டம்.

இப்போ பள்ளிப் பேருந்து. இங்கேதான் நிறையப் பேர் விழுவார்கள். 2024இல் டீசல் மானியத்தை எடுத்தபோது பள்ளிப் பேருந்துக்குச் சலுகை விலை அட்டை கொடுத்து லிட்டர் 1 வெள்ளி 88 காசுக்கு விட்டார்கள். உங்கள் பேருந்துக்கு அந்த அட்டை இருக்கும். 100 கிலோமீட்டருக்கு 25 லிட்டர், 47 வெள்ளி. மின்சாரப் பேருந்து கிலோமீட்டருக்கு ஒரு யூனிட் சுமார், வீணாவது சேர்த்து 110 யூனிட், 55 வெள்ளி. மின்சாரம்தான் விலை கூட! வண்டி விலையை இன்னும் சொல்லவே இல்லை. சாமான் லோரிக்கும் அட்டை இருந்தால் 2.15 விலையில் கணக்குப் போடுங்கள், பம்பில் எழுதியிருக்கிற விலையில் போடாதீர்கள். கூட்டத்தில் படம் காட்டுகிறவர்கள் எப்போதும் பம்ப் விலையில்தான் போடுவார்கள்.

அடுத்தது வரி. மின்சார வண்டியை வாடகைக்கு எடுக்கும் நிறுவனத்துக்கு 3 லட்சம் வெள்ளி வரை வரிக்கழிவு, 2027 வரை நீட்டியிருக்கிறார்கள் என்று பெரிதாகச் சொல்லியிருப்பாரே? அது வணிக வண்டி அல்லாததற்கு, அதாவது உங்கள் சரக்கு வேனுக்கு இல்லை. அதைவிட, உங்கள் சங்கம் வரி கட்டுகிறதா முதலில்? உறுப்பினர் நிதி ஏழரை லட்சம் வெள்ளிக்குக் கீழே இருக்கும் கூட்டுறவுக்கு வருமான வரியே இல்லை. கட்டாத வரியில் கழிவு வாங்கி என்ன செய்வது?

கணக்குமேசை | ஆகஸ்டு 7, இரவு 11:10

அக்கா, எங்களுடையது அதற்குக் கீழேதான். கூட்டத்தில் அந்த 3 லட்சத்துக்குத்தான் கைதட்டினார்கள்.

பியூஸ்காரன் அண்ணே, பந்தயத்தில் நீங்கள் ஜெயித்தீர்கள். கடைசிப் பக்கம், அடியிலிருந்து மூன்றாவது வரி.

பழைய கிராணி | ஆகஸ்டு 8, காலை 6:30

வாடகைப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். அமைச்சராக இருந்த நம் ஊர்க்காரர் துன் சம்பந்தன் 1960இல் தோட்டத் தொழிலாளியிடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் சேர்த்துத் தோட்டத்தையே வாங்க வைத்தார். தோட்டங்களைத் துண்டு துண்டாக்கி விற்றுக்கொண்டிருந்த காலம். சொந்தமாக இருந்தால்தான் நிற்க இடம் என்று அன்றைக்கு எங்களுக்குப் புரிந்தது. இப்போது என்னடாவென்றால் வேனை வாடகைக்கு எடு, பேட்டரியை வாடகைக்கு எடு என்கிறார்கள். வாடகை வேண்டாம் தம்பி. வாங்குவதானால் வாங்கு, இல்லாவிட்டால் டீசலை ஓட்டு.

மலையேறி | ஆகஸ்டு 8, காலை 8:00

ஐயா, நிலம் வேறு, வண்டி வேறு. நிலம் விலை ஏறும். மின்சார வேன் ஐந்து வருடம் கழித்து என்ன விலைக்குப் போகும் என்று விற்கிறவனுக்கே தெரியாது. புது மாடல் வருடா வருடம் மலிவாக வருகிறது. பழைய வண்டி கையில் நிற்கும் பயம் வாடகைக்காரன் தலையில் இருக்கட்டும் என்றுதான் நாங்கள் 36 மாதத்துக்கு எடுத்தோம். மாத வாடகை கொஞ்சம் வலிக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

பழைய கிராணி | ஆகஸ்டு 8, காலை 8:12

வலிக்கிறது அல்லவா. சரி.

ஸ்பானர் | ஆகஸ்டு 9, மாலை 6:00

நான் எதிர்க்கட்சி என்றாலும் ஒரு நல்லது சொல்கிறேன். ஆள் ஏற்றும் வேனுக்குப் பதிலாக மின்சாரச் சரக்கு வேன் வாங்கிப் பின்னால் பெஞ்சு போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது வாரியத்தில் சொல்வார்கள். கட்டாயம் சொல்வார்கள், எனக்கு இந்தக் கூட்டங்கள் தெரியும். சாலைப் போக்குவரத்து இலாகா ஜே.பி.ஜே. விடாது, புஸ்பாகோம் வண்டிப் பரிசோதனையில் நிற்காது, விபத்து நடந்தால் காப்புறுதி கை விரிக்கும். பதினாலு பேர் ஏறுகிற மின்சார வேன் இங்கே கடை கடையாகத் தேடினாலும் கிடைப்பது கஷ்டம். சந்தையில் இருப்பது சரக்கு வேனும் காரும்தான்.

கணக்குமேசை | ஆகஸ்டு 29, இரவு 10:30

மூன்று வாரம் முடிந்தது. நோட்டு கறைபடிந்து, ஒரு மூலையில் யாரோ எட்டுக்கு எட்டு சதுரம் போட்டு விளையாடியிருக்கிறார்கள். ஆனால் எண்கள் இருக்கின்றன.

ஆள் ஏற்றும் வேன் மூன்றும் சாதாரண நாளில் 55, 60 கிலோமீட்டர்தான். அதை மட்டும் பார்த்தால் மின்சாரத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருக்கிறது. ஆனால் நோட்டில் இரண்டாவது சனிக்கிழமை ஒரு வேன் 214 கிலோமீட்டர். விசாரித்தால் உறுப்பினர் வீட்டுக் கல்யாணம், பினாங்கு போய் வந்திருக்கிறார்கள். சங்க வேன் உறுப்பினருக்கு மலிவு வாடகையில் கிடைக்கும், அது எங்கள் வழக்கம். மாதம் நாலு தடவையாவது இப்படி. இதை எந்தக் கோப்பிலும் நான் எழுதியதில்லை.

உர வேன் கிலோமீட்டர் குறைவு, ஆனால் 50 கிலோ மூட்டை இருபது, ஒரு டன். நாங்கள் விசாரித்த சின்ன மின்சார வேன்கள் அவ்வளவு தாங்காது. லோரி, பேச்சே இல்லை. ஹைலக்ஸ் சேற்றில் இறங்குகிற வண்டி. பேருந்து, அக்கா சொன்ன கணக்கில் அடிபட்டது.

மோட்டார் சைக்கிளும் ஒரு யோசனை இருந்தது. ஆனால் 2024 பட்ஜெட்டில் அறிவித்த 2,400 வெள்ளித் தள்ளுபடி தனியாளுக்குத்தான், சங்கம் வாங்கினால் இல்லை. மண்டோர்களும் "மரத்தடிப் பாதையில வயிறு தட்டும்" என்றார்கள். விட்டுவிட்டேன்.

மிஞ்சியது கடைச்சாமான் வேன். நாளைக்கு 64 கிலோமீட்டர், ஒரே சுற்று, லிந்தாங் சாலைப் பக்கம் போய் நாலு மணிக்குள் திரும்பிவிடும். சங்கக் கடைக்குப் பின்னால்தான் தூங்கும். அப்புறம் அலுவலகக் கார் ஒன்று. ஈப்போ வங்கிக்குப் போய் வர 60 கிலோமீட்டர், அதுவும் அங்கேயே தூங்கும்.

பதினொன்றில் இரண்டு. தீர்மானம் ஐந்தரை கேட்கிறது.

தாப்பா அக்கா | ஆகஸ்டு 30, காலை 7:20

இரண்டு என்று எழுதிக் கொடு. நோட்டை நகல் எடுத்துக் கூடவே வை. அந்தக் கல்யாண ஓட்டத்தைக் கட்டம் கட்டிக் காட்டு. பினாங்கிலிருந்து ராத்திரி திரும்பும்போது மணப்பெண் வீட்டாரோடு வண்டி சார்ஜருக்கு வரிசையில் நின்றால் அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் தலைவர் தலைவராக இருக்க மாட்டார். அந்த ஒரு வரி போதும்.

ஸ்பானர் | ஆகஸ்டு 30, காலை 7:41

அக்காவுக்கு ஒரு தே தாரிக் என் கணக்கில்.

கணக்குமேசை | செப்டம்பர் 17, இரவு 9:00

வாரியம் ஏற்றுக்கொண்டது. அக்கா சொன்ன வரியில்தான் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள். வேன் மூன்று வருட வாடகை. கார் இப்போதைக்கு வேண்டாம், புரோட்டோன் கம்பெனி அடுத்து மலிவாக ஒரு மின்சாரக் கார் விடப்போகிறது என்று பேச்சு, பொறுத்துப் பார்ப்போம் என்றார்கள். பழைய கிராணி ஐயா மன்னிக்கவும்.

டிரைவரைப் பற்றிக் கேட்க வேண்டும். எங்கள் சாமான் வேன் டிரைவருக்கு 58 வயது. "இந்த வயசுல கைபேசி மாதிரி வண்டியா" என்கிறார். உண்மைக் காரணம் வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. சங்கக் கணக்கில் டீசல் போடும் அட்டை அவர் கையில் இருந்தது, இனி இருக்காது.

மலையேறி | செப்டம்பர் 17, இரவு 9:45

அதைக் கிளறாதீர்கள். பழைய டீசல் கணக்கைக் கிளறினால் வண்டி மாற்றம் பழிவாங்கல் ஆகிவிடும். நாங்கள் என்ன செய்தோமென்றால், முதல் வாரம் டிரைவரை மட்டும் தனியாக ஓட்டவிட்டோம், சுமை இல்லாமல், முதலாளி இல்லாமல். மலை இறக்கத்தில் காலை எடுத்தால் வண்டி தானே பிடித்துக்கொண்டு பேட்டரிக்குக் கொஞ்சம் திருப்பி ஏற்றும். அதைப் பார்த்ததும் எங்கள் டிரைவர் கேமரனிலிருந்து இறங்கும்போது எத்தனை சதவீதம் ஏறியது என்று எனக்குப் படம் பிடித்து அனுப்ப ஆரம்பித்துவிட்டார். இப்போது அவருக்கு அது சேவல் சண்டை மாதிரி.

ஒரு விதி மட்டும் கறாராக வையுங்கள். வண்டியை யார் கடைசியாக நிறுத்துகிறாரோ அவர்தான் பிளக் போட வேண்டும். காவலாளி போடுவார், கடைப் பையன் போடுவான் என்று விட்டால் ஒரு நாள் காலை 11 சதவீதத்தில் நிற்கும்.

கணக்குமேசை | அக்டோபர் 14, இரவு 8:10

பியூஸ்காரன் அண்ணே, அவசரம். வேன் வந்து பத்து நாள். சார்ஜர் போட்டது வேறு ஒரு குத்தகைக்காரர், வாரியத்தில் ஒருவருக்குத் தெரிந்தவர். மழை பெய்கிற ராத்திரியெல்லாம் ஆர்.சி.டி. விழுந்துவிடுகிறது. காய்ந்த ராத்திரியில் ஒன்றுமில்லை. இரண்டு முறை காலையில் வேன் சார்ஜ் ஏறாமல் நின்றது, டிரைவர் முகத்தில் "நான் அப்பவே சொன்னேன்". குத்தகைக்காரர் வண்டியில் கோளாறு என்கிறார், வண்டிக்காரர் வயரிங் கோளாறு என்கிறார். பெட்டியைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறேன்.

பியூஸ்காரன் | அக்டோபர் 14, இரவு 8:31

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கூரை ஓரத்திலிருந்து வரும் கேபிள் பெட்டிக்குள் மேல்பக்கமாக நுழைகிறது. மழைத் தண்ணீர் கேபிளைப் பிடித்துக்கொண்டே நேராக உள்ளே இறங்கும். கேபிள் நுழைகிற இடத்து வாய்ப்பூட்டும் இறுக்கியதாகத் தெரியவில்லை. மெயினை அணைத்துவிட்டு, பதிந்த வயர்மேன் ஒருவரை வைத்துத் திறக்கச் சொல்லுங்கள். அடியில் தண்ணீர்க் கோடு இருக்கும். கேபிள் பெட்டியைத் தாண்டிக் கீழே இறங்கி, வளைந்து, அடிப்பக்கமாக ஏற வேண்டும். அப்போதுதான் தண்ணீர் வளைவில் சொட்டிவிடும். நிலத்தொடுப்பையும் அப்படியே அளக்கச் சொல்லுங்கள், இந்த வேலை செய்தவர் அதை அளந்திருப்பார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

கணக்குமேசை | அக்டோபர் 16, இரவு 7:55

திறந்தோம். அடியில் ஒரு விரற்கடை தண்ணீர், அதில் மிதந்தபடி செத்த எறும்புகள், பக்கத்தில் துருப்பிடிக்க ஆரம்பித்த திருகாணி. சார்ஜருக்காகப் புதிதாக அடித்த நிலக்கம்பியின் முனை கையால் ஆட்டினால் ஆடியது. கேபிளை வளைத்து அடியிலிருந்து ஏற்றினார்கள், கம்பியை வேறு இடத்தில் ஆழமாக அடித்து அளந்தார்கள். நேற்று இரவு கொட்டு கொட்டென்று கொட்டியது. காலை நூறு சதவீதம்.

குத்தகைக்காரர் பாக்கிப் பணத்துக்கு இன்று காலை அழைத்தார். கொடுக்கவில்லை.

ஸ்பானர் | அக்டோபர் 26, மாலை 5:20

இதை நான்தான் போட வேண்டும், கணக்குமேசை போட மாட்டார். தீபாவளிக்கு ஐந்து நாள் வேன் நின்றது. நேற்றுக் காலை கதவே திறக்கவில்லை. பெரிய பேட்டரி 80 சதவீதம், ஆனால் 12 வோல்ட் சின்னப் பேட்டரி செத்துவிட்டது. மின்சார வண்டியிலும் அது உண்டு, கதவு, கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் எழுப்புவது அதுதான். டிரைவர் அண்ணன் ஆசையாக ஒரு டேஷ்கேம் வாங்கி நேரடி வயரில் மாட்டியிருக்கிறார், அது ராத்திரி பகலாக ஐந்து நாள் வாசலில் போகிற கோழிகளைப் படம் எடுத்திருக்கிறது. என்னைக் கூப்பிட்டார்கள். கை சாவியால் திறந்து, 12 வோல்ட்டுக்கு மட்டும் உயிர் கொடுத்தேன். ஆரஞ்சு நிறக் கேபிள் பக்கம் போகவில்லை, போகவும் மாட்டேன். பத்து வெள்ளி வாங்கினேன். மின்சார வண்டியில் என் முதல் வருமானம்.

பழைய கிராணி | டிசம்பர் 3, காலை 6:45

பெரோடுவா கம்பெனி கியூவி-இ என்று ஒரு மின்சாரக் கார் விட்டிருக்கிறார்களாம். வண்டி 80,000 வெள்ளி, பேட்டரி மாதம் 275 வெள்ளி வாடகை. வண்டி நம்முடையது, மாடு அடுத்தவனுடையது. என் தாத்தா காலத்து மாட்டுவண்டிக்காரனிடம் இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பான்.

மலையேறி | டிசம்பர் 3, காலை 7:10

மாடு செத்தால் அடுத்தவன் மாற்றித் தருவான் ஐயா, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பழைய கிராணி | டிசம்பர் 3, காலை 7:15

ம்.

கணக்குமேசை | 2026 ஜனவரி 9, இரவு 9:20

நவம்பர், டிசம்பர் கணக்கு. பியூஸ்காரன் அண்ணன் சொல்லி சார்ஜருக்குத் தனி மீட்டர் வைத்ததால் சண்டை இல்லாமல் எழுத முடிகிறது. வேன் 3,210 கிலோமீட்டர். மீட்டரில் 690 யூனிட். யூனிட் 50 காசு என்று வைத்தால் 345 வெள்ளி. பழைய வேனாக இருந்தால் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கணக்கில் 267 லிட்டர், 3 வெள்ளி வீதம் 800 சொச்சம். இரண்டு மாதத்தில் 450 வெள்ளிக்கு மேல் எரிபொருளில் மிச்சம். வாடகைக்கும் பழைய வேனின் தவணைக்கும் உள்ள வித்தியாசத்தை அது முழுதாக மூடவில்லை, முக்கால்வாசி மூடுகிறது. இதையும் அப்படியே வாரியத்துக்கு எழுதிவிட்டேன்.

2025 முடிவு வரை மின்சார வண்டிக்குச் சாலை வரி இல்லை. இந்த மாதத்திலிருந்து மோட்டாரின் கிலோவாட்டைப் பார்த்து வரி வந்துவிட்டது. அதையும் சேர்த்துத்தான் அடுத்த கணக்கு.

டிரைவர் அண்ணன் இப்போது ஞாயிற்றுக்கிழமையும் வந்து பிளக் செருகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகிறார். ஆள் ஏற்றும் வேன் டிரைவர்களில் ஒருவர், தன் டிவிஷனில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பழைய ஆயாக்கொட்டகை சும்மாதானே கிடக்கிறது, அங்கே ஒரு மீட்டர் போட்டால் மூன்று வேனும் அங்கேயே தூங்கலாமே என்று கேட்டார். மற்ற இரண்டு டிரைவர் வீட்டிலிருந்தும் அங்கே மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடம். நான் யோசிக்காத விஷயம்.

பியூஸ்காரன் | ஜனவரி 9, இரவு 9:48

கூரை ஒழுகுகிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் எலி. அணில், எலி இரண்டுக்கும் கேபிள் உறை என்றால் உயிர், இரும்புக் குழாயில் விட வேண்டும். சனிக்கிழமை நான் கோலகங்சார் வருகிறேன், வழியில் இறங்கிப் பார்க்கிறேன். ஏணி மட்டும் வையுங்கள்.

கணக்குமேசை | ஜனவரி 9, இரவு 9:55

ஏணி இருக்கிறது அண்ணே. பதினாலு பேர் ஏறுகிற வேன்தான் இன்னும் கிடைக்கவில்லை. சனிக்கிழமை பத்து மணிக்கு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம் பக்கம்.